எஸ்ட்ரின்–பெர்லினர் தபால் ஆட்டம்: பத்தாவது நகர்வில் என்ன நடந்தது?

கேள்வி: தபால் செஸ்ஸில் ஓப்பனிங் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆடலாம் என்கிறார்கள். அப்படியானால் தொடக்க நகர்வுகளில் போட்டி என்று என்ன இருக்கிறது? எஸ்ட்ரின்–பெர்லினர் ஆட்டத்தை இவ்வளவு பேர் கொண்டாடுவது ஏன்?

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். முதல் கேள்விக்கு இருக்கும் மிகச் சிறந்த விடையே அந்த ஆட்டம்.

நகர்வுகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பி ஆடுவதுதான் தபால் செஸ். புத்தகம் பார்க்கலாம் என்பது சரி. தபால் செஸ்ஸில், தொடக்க நகர்வுகளைத் தொகுத்துத் தரும் ஓப்பனிங் புத்தகங்களையும் பழைய ஆட்டங்களையும் புரட்டுவது விதிக்கு உட்பட்டது. பலகையை மேசையில் விரித்து, காய்களை நகர்த்தி, பல நாள் ஆராய்ந்த பிறகே நகர்வை அனுப்பலாம். நேருக்கு நேர் ஆடும் போட்டிகளில் ஓப்பனிங் பெரும்பாலும் ஞாபகசக்தியைச் சோதிக்கும். தபாலில் அந்தச் சோதனையே கிடையாது. இருவரிடமும் அதே புத்தகங்கள் இருக்கின்றன, இருவருக்கும் பத்தாவது நகர்வு வரை எல்லாம் தெரியும். ஆகவே புத்தகம் சொல்லும் முடிவு சரிதானா என்பதில்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. "இங்கே வெள்ளைக்குச் சாதகம்" என்று அச்சிட்டிருக்கும் ஒரு வரியை ஒருவர் நம்புகிறார், இன்னொருவர் பல வாரம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்.

ஓப்பனிங்குகள் வளர்ந்த வரலாற்றிலேயே தபால் ஆட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1824 முதல் 1828 வரை லண்டன் செஸ் சங்கமும் எடின்பரோ செஸ் சங்கமும் கடிதம் மூலம் ஐந்து ஆட்டங்கள் ஆடின. எடின்பரோ இரண்டில் வென்றது, ஒன்றில் தோற்றது, இரண்டு டிரா. அந்தப் போட்டியில் ஆடப்பட்ட தொடக்கம்தான் இன்றும் ஸ்காட்ச் கேம் என்று அழைக்கப்படுகிறது. பின்னாளில் உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரரான பால் கெரெஸ், எஸ்டோனியாவில் சிறுவனாக இருந்தபோது சரியான எதிராளிகள் கிடைக்காமல் தபாலில்தான் ஆடி வளர்ந்தார். தாக்குதல் ஆட்டத்துக்கு இடம் தரும் ஓப்பனிங்குகளை அங்கேதான் பரிசோதித்துப் பார்த்தார்.

இனி நம் ஆட்டம். ஐந்தாவது உலகத் தபால் செஸ் சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்று, 1965 முதல் 1968 வரை நடந்தது. வெள்ளைக் காய்களில் மாஸ்கோவைச் சேர்ந்த யாக்கோவ் எஸ்ட்ரின். கறுப்பில் அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர். 1929இல் பெர்லின் நகரில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர் அவர். எஸ்ட்ரின் சாதாரண எதிராளி அல்ல. இந்த ஆட்டத்துக்குப் பிறகு, ஏழாவது சாம்பியன்ஷிப்பில் அவரே உலகப் பட்டத்தை வென்றார். அதைவிட முக்கியமாக, இந்த ஆட்டத்தில் வந்த டூ நைட்ஸ் டிஃபென்ஸ் என்னும் தொடக்கத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதிய வல்லுநர் அவர். அந்தத் தொடக்கத்திலேயே அவரைச் சந்திக்க பெர்லினர் முடிவெடுத்தார். இது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பதை ஆட்டத்தைப் பின்தொடரும்போது மறந்துவிடாதீர்கள்.

தொடக்கம் இப்படிப் போகிறது (கட்டங்களின் பெயரில் ஏ முதல் ஹெச் வரை நெடுவரிசை, 1 முதல் 8 வரை கிடைவரிசை). வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளை குதிரையை எஃப்3இல் வைக்கிறது, கறுப்பு குதிரையை சி6இல். வெள்ளை பிஷப் சி4க்கு வருகிறது, கறுப்பின் இரண்டாவது குதிரை எஃப்6க்கு. கறுப்பின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டதால்தான் இந்தப் பெயர். நான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்கிறது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. ஒரே காயை இரண்டு முறை நகர்த்தி அவசரமாகத் தாக்கக் கூடாது என்பது பழைய பாடம். ஜெர்மானிய மேதை டார்ராஷ் இந்த நகர்வைக் கத்துக்குட்டி நகர்வு என்றே ஒதுக்கினார். ஆனால் இதைச் சுலபமாகத் தண்டிக்க முடியவில்லை என்பதுதான் நானூறு ஆண்டுக் கதை.

கறுப்பு டி5 என்று சிப்பாயைத் தள்ளுகிறது, வெள்ளை அதை வெட்டுகிறது. இந்த இடத்தில் கறுப்பு குதிரையால் டி5ஐத் திருப்பி வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7இல் தன்னைப் பலிகொடுத்து ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் பொறி அது. அதனால் இன்றும் பெரும்பாலானவர்கள் சி6 குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய், ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து வேகமாகக் காய்களை வெளியே எடுக்கிறார்கள்.

பெர்லினர் அந்தப் பாதையில் போகவில்லை. ஐந்தாவது நகர்வில் பி5 என்று சிப்பாயைத் தள்ளினார். அமெரிக்க ஆட்டக்காரர் ஓலாஃப் உல்வெஸ்டாடின் பெயரால் அறியப்படும் நகர்வு இது. எஸ்ட்ரினின் பதில் பார்க்க விசித்திரமாக இருக்கும்: சி4 பிஷப்பைத் திரும்பவும் பிறந்த இடமான எஃப்1க்கே கொண்டுபோனார்! காரணம் இருக்கிறது. பிஷப் பி5 சிப்பாயை வெட்டினால், கறுப்பு ராணி டி5க்கு வந்து ஒரே நேரத்தில் பிஷப்பையும் ஜி2வையும் தாக்கும். பிஷப் எஃப்1இல் இருந்தால் ஜி2க்குக் காவல் கிடைக்கிறது, பி5 மீதான தாக்குதலும் தொடர்கிறது. பிறகு ராணி டி5க்கு வந்தால் குதிரை சி3க்கு வந்து அதை விரட்டும். வல்லுநர் ஒருவரின் கை இங்கே தெரிகிறது.

ஆறாவது நகர்வில் கறுப்புக் குதிரை டி4க்கு. இப்போது ஆட்டம் ஃபிரிட்ஸ் வேரியேஷன் என்ற கிளைப்பாதைக்குள் வந்துவிட்டது. அலெக்சாண்டர் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மானிய ஆட்டக்காரரின் யோசனை அது. அப்புறம் வெள்ளை சி3 என்று குதிரையை விரட்டுகிறது. கறுப்போ அதைக் கண்டுகொள்ளாமல் இன்னொரு குதிரையால் டி5ஐ வெட்டுகிறது. இதனால் ஜி5 குதிரை மேல் கறுப்பு ராணியின் பார்வை திறக்கிறது. வெள்ளைக் குதிரை ஈ4க்குப் பின்வாங்குகிறது, கறுப்பு ராணி ஹெச்4க்கு வந்து அதைத் தாக்குகிறது, குதிரை ஜி3க்கு நகர்கிறது, கறுப்பு பிஷப் ஜி4க்கு வந்து வெள்ளை ராணியைத் தொடுகிறது. பத்தாவது நகர்வில் எஸ்ட்ரின் எஃப்3.

பலகையை இந்த நிலையில் வைத்துப் பாருங்கள். கறுப்பின் டி4 குதிரை வெட்டுப்படும் நிலையில் இருக்கிறது. ஜி4 பிஷப்பும் அப்படியே. இரண்டையும் காப்பாற்ற ஒரு நகர்வு போதாது. எஃப்5க்குக் குதிரையை நகர்த்துவதுதான் அதுவரை தெரிந்த பாதை. அதற்கு வெள்ளை பி5ஐச் செக்கோடு வெட்டி, காஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி ராஜாவைப் பாதுகாத்து), நல்ல நிலைக்கு வந்துவிடும். எஸ்ட்ரின் நம்பிப் போன இடம் இதுதான்.

பெர்லினரின் தபால் அட்டையில் வந்த நகர்வு ஈ4. ஈ5இல் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். குதிரையையும் பிஷப்பையும் அப்படியே விட்டுவிட்டார். தபால் செஸ்ஸில் மொழிச் சிக்கல் வராமல் இருக்க எண்களால் நகர்வுகளை எழுதும் முறை ஒன்று உண்டு. நெடுவரிசைகளும் 1 முதல் 8 வரை, கிடைவரிசைகளும் 1 முதல் 8 வரை. தொடக்கத்தில் ஈ2இலிருந்து ஈ4க்குப் போகும் சிப்பாய் 5254. அந்த முறையில் பெர்லினரின் நகர்வு 5554. நான்கு இலக்கங்களில் அடங்கும் நகர்வு, ஒரு தொடக்கத்தைப் பற்றி அதுவரை எழுதப்பட்டிருந்த தீர்ப்பையே மாற்றியது.

ஏன் இது வேலை செய்கிறது? எஃப்3 என்ற நகர்வுக்கு ஒரு விலை இருக்கிறது. அதற்கு முன் எஃப்2இல் இருந்த சிப்பாய் ஜி3 குதிரைக்கு ஒரு காவல். அது நகர்ந்ததும் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஹெச்4 ராணிக்கும் ஈ1 ராஜாவுக்கும் நடுவே இருக்கும் மூலைவிட்டப் பாதையில் ஜி3 குதிரை கட்டுண்டது, அசைய முடியாது. அதற்கு மிச்சமிருக்கும் ஒரே காவல் ஹெச்2 சிப்பாய். அந்தச் சிப்பாய் நகர்ந்தால் ஹெச்1 யானை ராணியின் வாயில் விழும். அடுத்த நகர்வில் கறுப்பு பிஷப் டி6க்கு வந்தால் ஜி3 மேல் அழுத்தம் இரட்டிப்பாகும். கூடவே ஈ4 சிப்பாய் எஃப்3ஐயும் தாக்கத் தொடங்கிவிட்டது. பாதுகாப்பாகத் தெரிந்த வெள்ளை ராஜாவைச் சுற்றி ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் தளர்ந்துபோகிறது.

இந்த யோசனை ஒரு மின்னல் போல வந்திருக்கும் என்று நினைத்தால், அடுத்த பதினைந்து நகர்வுகளைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விடும். வெள்ளை சி சிப்பாயால் டி4 குதிரையை வெட்டுகிறது, பிஷப் டி6க்கு. வெள்ளை பிஷப் பி5ஐச் செக்கோடு வெட்டுகிறது, கறுப்பு ராஜா டி8க்கு நகர்கிறது. வெள்ளை காஸ்லிங், கறுப்பு எஃப்3ஐ வெட்டுகிறது, வெள்ளை யானையால் திருப்பி வெட்டுகிறது. இப்போது கறுப்பு ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும் குறைவு, காஸ்லிங் உரிமையும் போய்விட்டது. எஃப்3 யானை ராணியோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறது. நாமாக இருந்தால் கை தானாக அதை வெட்டப் போகும். பெர்லினர் வெட்டவில்லை. பதினான்காவது நகர்வில் ஏ8 யானையை பி8க்கு நகர்த்தினார்.

முழு ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நகர்வு இது, ஈ4ஐ விடவும். உடனே எஃப்3ஐ வெட்டியிருந்தால் வெள்ளை ராணி அதைத் திருப்பி வெட்டி, நேராக ஆட்டத்துக்குள் வந்திருக்கும். யானை பி8க்குப் போனதால் பி5 பிஷப் ஓட வேண்டியிருக்கிறது. எஸ்ட்ரின் அதை ஈ2க்கு நகர்த்தினார். இப்போது கறுப்பு எஃப்3ஐ வெட்ட, பிஷப்தான் திருப்பி வெட்டுகிறது, ராணி டி1இலேயே தங்கிவிடுகிறது. கறுப்பு ராணி டி4 சிப்பாயைச் செக்கோடு எடுக்கிறது, வெள்ளை ராஜா ஹெச்1க்கு, கறுப்பு பிஷப் ஜி3 குதிரையை வெட்டுகிறது, ஹெச் சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. வெள்ளையின் ராணிப்பக்க யானையும் குதிரையும் பிஷப்பும் இன்னும் பிறந்த கட்டத்தை விட்டு நகரவில்லை. அதற்குள் பதினெட்டாவது நகர்வில் கறுப்பு யானை பி6. அடுத்து ஹெச்6க்கு வந்தால் ஆட்டமே முடிந்துவிடும். டி5இல் நிற்கும் கறுப்புக் குதிரையை வெள்ளை எடுத்தால், யானை ஹெச்6 செக், வெள்ளை ராணி ஹெச்5இல் குறுக்கே விழுந்தாலும் யானை அதை வெட்டி மேட்.

எஸ்ட்ரின் டி3 என்று சி1 பிஷப்புக்கு வழி திறந்தார். இனி அது ஹெச்6ஐக் காக்கும். கறுப்புக் குதிரை உடனே ஈ3இல் வந்து அந்த வழியை மறிக்கிறது. பிஷப் வெட்ட, ராணி வெட்ட, ஹெச்6 மறுபடியும் திறந்துகொண்டது. வெள்ளை மற்ற பிஷப்பை ஜி4 வழியாக ஹெச்3க்குக் கொண்டுவந்து தடுத்தது. கறுப்பு ஹெச்5, ஜி5, ஜி4 என்று சிப்பாய்களை அனுப்பியது. இருபத்துநான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை சி4இல் வந்து ராணியையும் பி6 யானையையும் ஒரே சமயத்தில் தாக்கியது. பெர்லினர் ராணியால் ஜி3ஐ எடுத்துக்கொண்டு யானையை விட்டுவிட்டார். சில பரிமாற்றங்களுக்குப் பிறகு ராணிகள் போய்விட்டன. இருபத்தெட்டாவது நகர்வில் பலகையில் மிச்சம்: ஆளுக்கு ஒரு யானை, வெள்ளைக்கு மூன்று சிப்பாய், கறுப்புக்கு நான்கு.

அவ்வளவு வாணவேடிக்கைக்கும் கிடைத்தது ஒரே ஒரு சிப்பாய்! ஆட்டத்தை முதலில் பார்க்கிற பலர் இந்த இடத்தில் ஏமாற்றம் அடைவார்கள். எனக்கோ ஆட்டத்தின் பெருமையே இங்கேதான் தெரிகிறது. பத்தாவது நகர்வில் இரண்டு காய்களைத் தாக்குதலில் விட்டுக்கொடுக்கும்போது, மேட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அதைச் செய்வது ஒரு வகை. எதிராளி சிறந்த முறையில் தடுத்தாலும் கடைசியில் வெல்லக்கூடிய எண்ட்கேம் (சில காய்களே மிச்சமிருக்கும் கடைசிக் கட்டம்) கையில் இருக்கும் என்பது வேறு. ஒரு ஓப்பனிங் நல்லதா கெட்டதா என்று சொல்ல இப்படி முப்பது, நாற்பது நகர்வு தள்ளிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் கொடுப்பது தபால் செஸ்தான்.

யானை எண்ட்கேமையும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். வெள்ளை யானை எஃப்7 சிப்பாயைத் தாக்கியபோது அதைக் காக்க பெர்லினர் யானையைக் கட்டிப்போடவில்லை. முப்பத்தொன்றாவது நகர்வில் யானையைச் சி8க்குத் திருப்பினார். எஃப்7 போனால் போகட்டும், யானை உயிரோடு இருக்க வேண்டும். வெள்ளை அதை எடுத்ததும் கறுப்பு யானை சி7இல் எதிரே நின்றது. யானைகளை மாற்றிக்கொண்டால் ஹெச்5இல் தனியாக இருக்கும் கறுப்புச் சிப்பாயைத் துரத்தி வெள்ளை ராஜா ஓரத்துக்குப் போக வேண்டும். அதற்குள் கறுப்பு ராஜா நடுவில் எல்லாவற்றையும் தின்றுவிடும். மாற்றாமல் வெள்ளை பின்வாங்கியது. கறுப்பு ராஜா ஈ5, டி4 என்று நடந்து டி3 சிப்பாயை எடுத்தது. சிப்பாய் எண்ணிக்கையில் சமமாக இருந்த நிலை, நாலைந்து நகர்வில் ஒருதலையாகிவிட்டது.

கடைசியில் ஒரு சின்ன அழகு. நாற்பதாவது நகர்வில் கறுப்பு யானை ஜி4இல் செக் கொடுக்கிறது. வெள்ளை ராஜா எஃப்3க்கு வந்து யானையைத் தாக்குகிறது. யானை அசைய வேண்டியதில்லை, ஹெச்5 சிப்பாய் அதற்குக் காவல். அந்த ஒரு நகர்வு மிச்சத்தில் பி சிப்பாய் ஓடிவிட்டது. நாற்பத்திரண்டாவது நகர்வுக்குப் பின் எஸ்ட்ரின் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த இறுதிச் சுற்றில் பெர்லினர் 16 ஆட்டங்களில் 12 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லாமல் 14 புள்ளிகளோடு உலகச் சாம்பியன் ஆனார்.

பெர்லினரைப் பற்றி இன்னொரு செய்தியும் இந்த ஆட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டும். பிறகு அவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் ஆனார். கணினி செஸ் ஆய்வாளர்கள் ஹொரைசன் எஃபெக்ட் என்று சொல்லும் குறைக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். நிரல் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் பார்க்கும், அந்த எல்லைக்கு அப்பால் வரும் ஆபத்து அதன் கண்ணுக்கே தெரியாது என்பதுதான் அது. பகடை உருட்டி ஆடும் பாக்கேமன் என்ற பலகை ஆட்டத்துக்கு அவர் எழுதிய நிரல் 1979இல் அப்போதைய உலகச் சாம்பியனை ஒரு காட்சிப் போட்டியில் வென்றது. ஹைடெக் என்ற செஸ் கணினியும் அவர் தலைமையில் உருவானதுதான். ஒரு தொடக்கத்தின் தீர்ப்பை எல்லைக்கு அப்பால் போய்ச் சோதித்த மனிதருக்கு இந்தப் பிரச்சினை கண்ணில் பட்டது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

இன்றைய நிலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சர்வதேசத் தபால் செஸ் கூட்டமைப்பின் ஆட்டங்கள் இப்போது பெரும்பாலும் இணையச் சர்வரில் நடக்கின்றன, செஸ் எஞ்சின்களை (நகர்வுகளை ஆராயும் கணினி நிரல்களை)ப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. அதன் விளைவாக மேல்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. பெர்லினர் ஆட்டத்தின் பதினான்கு, பதினைந்தாவது நகர்வுகளில் வெள்ளைக்கு இன்னும் நல்ல வழிகள் உண்டு என்று பின்னாளில் தேடியவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஈ4 என்ற நகர்வின் மதிப்பு அதனால் குறைகிறது என்று நான் நினைக்கவில்லை. எதிராளி அன்று அறிந்திருந்த எல்லாவற்றையும் தாண்டிய நகர்வு அது, உதவிக்கு எந்த இயந்திரமும் இல்லாத காலத்தில்.

நீங்கள் இதைப் படிக்க விரும்பினால் எஞ்சினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். எஃப்3க்குப் பிறகான நிலையைப் பலகையில் வைத்து, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். கறுப்புக்கு உங்கள் நகர்வையும் அதற்கான காரணத்தையும் எழுதி வையுங்கள். அதே மாதிரி பதினான்காவது, பதினெட்டாவது, முப்பத்தொன்றாவது நகர்வுகளிலும் நிறுத்துங்கள். பிறகுதான் எஞ்சினிடம் போக வேண்டும்.

கறுப்பில் நீங்களே இதை ஆடிப் பார்க்க ஆசை இருந்தால், தீவிரப் போட்டிகளுக்கு ஐந்தாவது நகர்வில் குதிரை ஏ5தான் என் பரிந்துரை. ஃபிரிட்ஸ் பாதையில்தான் போவேன் என்றால், எட்டாவது நகர்வில் ராணியை ஹெச்4க்கு அனுப்பாமல் டி4 குதிரையை ஈ6க்குப் பின்வாங்கும் வழியும் இருக்கிறது. ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் காய்கள் வேகமாக வெளியே வரும். நண்பர்களுக்குள் நிதானமாக ஆடும் ஆட்டம் என்றால் ராணியை ஹெச்4க்கே அனுப்புங்கள், எதிராளி எஃப்3 ஆடுகிறாரா என்று பாருங்கள்.